நிற்கத் தெரிந்த கால்கள்: மூன்று கல்லூரி ஊர்கள், ஐந்து நாட்கள்

முதல் நாள்: சார்லட், டேவிட்சன்

நேற்று ராத்திரி பதினொரு மணிக்கு அக்கா வீட்டுச் சமையலறைத் தரையில் ஐந்து எவர்சில்வர் டம்ளர்களைப் பரப்பி வைத்துக்கொண்டு நானும் மருமகனும் உட்கார்ந்திருந்தோம். ஒரு டம்ளர் அவன். பதினொன்றாம் வகுப்பு, பள்ளிக் கூடைப்பந்து அணியில் பாயின்ட் கார்டு, அதாவது பந்தைக் கொண்டுவந்து ஆட்டத்தை நடத்துகிறவன். இன்னொன்று அவனுக்கு ஸ்கிரீன் போட, அதாவது அவனைக் காக்கிறவனை மறித்து நிற்க, வரும் நெட்டை ஆள். எதிரே இரண்டு டம்ளர் டிஃபன்ஸ். ஐந்தாவது டம்ளர் மூலையில் நிற்கும் ஷூட்டர்.

"இப்போ நெட்டையைக் காக்கிறவன் மேலே வராம ரிங்குக்குக் கீழேயே நின்னுட்டான். என்ன பண்ணுவ?"

"ரிங்குக்குப் போவேன் மாமா."

"சரி. அவன் மேலே ஏறி வந்து உன் வழியை மறிக்கிறான்?"

"அவனைச் சுத்திப் போவேன்."

"ரெண்டு பேரும் ஆளை மாத்திக்கிட்டாங்க?"

"போவேன்."

"ரெண்டு பேரும் உன் மேலேயே பாயறாங்க?"

இதற்கு மட்டும் கொஞ்சம் யோசித்தான். அப்புறம், "நடுவுல புகுந்து போவேன்" என்றான்.

அவனுடைய சிக்கல் அதுதான். நல்ல வேகம், நல்ல கை. ஆனால் நான்கு கேள்விக்கும் ஒரே பதில். போன சீசன் பாதியில் அவனை ஆட்டத்தைத் தொடங்கும் முதல் ஐந்து பேரிலிருந்து எடுத்து பெஞ்சில் உட்கார வைத்துவிட்டார்கள். ஏன் என்று யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அதிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது என்று அக்கா போனில் அழுதாள். மதுரையில் சிமென்ட் கோர்ட்டில் கார்டாக ஆடியவன் நான். இருபது வருடமாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். பிளஸ் ஒன் பையன் பெஞ்சில் உட்கார்ந்து தரையைப் பார்ப்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் இந்தப் பயணம். அமெரிக்கக் கல்லூரிகள் ஒரு கார்டை என்.பி.ஏ. என்ற தொழில்முறை லீக் ஆட்டத்துக்கு எப்படித் தயார் செய்கின்றன என்று ஊர் ஊராகப் போய் அவனோடு பேசலாம் என்று கிளம்பினேன்.

காலையில் டேவிட்சன். வட கரோலினாவில், அக்கா வீடு இருக்கும் சார்லட்டிலிருந்து வடக்கே 32 கிலோமீட்டர். ஊரும் கல்லூரியும் ஒன்றுக்குள் ஒன்று. மாணவர்கள் மொத்தம் சுமார் 2,000 பேர்தான். நம் ஊரில் ஒரு மேல்நிலைப் பள்ளியிலேயே அதைவிட அதிகம் இருக்கும். என்.பி.ஏ. நட்சத்திரம் ஸ்டீஃபன் கரி 2006 முதல் 2009 வரை ஆடிய இடம் இது. பெரிய கல்லூரிகள் அவரை வேண்டாம் என்றன. அப்பா டெல் கரி படித்த வர்ஜீனியா டெக் கூட உதவித்தொகை இல்லாமல் வந்து சேரச் சொன்னது. உடம்பு ஒல்லி என்பதுதான் காரணம்.

மருமகனுக்குக் கரியின் எல்லா ஷாட்டும் மனப்பாடம். ஆனால் கல்லூரியில் அவர் ஆடிய முதல் ஆட்டம் பற்றி அவனுக்குத் தெரியவில்லை. ஈஸ்டர்ன் மிச்சிகன் அணிக்கு எதிராக 13 டர்ன்ஓவர். ஒரே ஆட்டத்தில் பதிமூன்று தடவை பந்தைத் தொலைத்த பையனை நான் என்ன செய்திருப்பேன் என்று அரங்கத்து வாசலில் நின்று யோசித்தேன். நேர்மையாகச் சொன்னால், உட்கார வைத்திருப்பேன். கோச் பாப் மெக்கில்லப் தொடர்ந்து ஆட விட்டார். அடுத்த நாளே மிச்சிகனுக்கு எதிராகக் கரி 32 புள்ளி எடுத்தார்.

அரங்கம் சின்னது, சுமார் 5,000 பேர் உட்காரலாம். கரியின் 30-ஆம் எண்ணை இனி யாரும் அணியக்கூடாது என்று அதற்கு 2022-இல் ஓய்வு கொடுத்தார்கள். அதே வருடம்தான் அவர் விட்டுப்போன படிப்பையும் முடித்துப் பட்டம் வாங்கினார்.

இந்த ஊரில் நான் அவனுக்குச் சொல்ல வைத்திருந்த கதை வேறு. 2008 நவம்பரில் மேரிலாந்தின் லயோலா அணி வந்தது. அந்த வருடம் அமெரிக்கக் கல்லூரி ஆட்டத்திலேயே அதிகப் புள்ளி எடுத்தவர் கரி, சராசரி 28.6. லயோலா கோச் ஆட்டம் முழுக்கக் கரி மேல் இரண்டு ஆள் போட்டார். கரி என்ன செய்தார் தெரியுமா? மூலையில் போய் நின்றுகொண்டார். இரண்டு ஆளும் அவரோடு மூலையில். மீதி இடத்தில் டேவிட்சனுக்கு நான்கு பேர், எதிரணிக்கு மூன்று பேர். கரி எடுத்த புள்ளி பூஜ்யம். டேவிட்சன் 78-48 என்று ஜெயித்தது.

"சும்மா நின்னாரா?" என்றான் மருமகன்.

"நின்னார்."

காரில் ஏறும் வரை அவன் ஒன்றும் பேசவில்லை.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்லவேண்டும். முதல் இரண்டு வருடம் பந்தைக் கொண்டுவந்தவர் ஜேசன் ரிச்சர்ட்ஸ். 2007-08-இல் நாட்டிலேயே அதிக அசிஸ்ட் (அடுத்தவர் புள்ளி எடுக்கக் கொடுக்கும் பாஸ்) அவருடையது. கரி ஸ்கிரீனைச் சுற்றி ஓடி ஷாட் அடிப்பவர். ரிச்சர்ட்ஸ் படிப்பு முடித்துப் போனதும் மூன்றாம் வருடம் கரி பாயின்ட் கார்டாக மாறினார். பந்து கையில் இல்லாமல் இரண்டு வருடம், பந்தோடு ஒரு வருடம். இன்று அவர் பந்தைக் கொடுத்துவிட்டு ஓடும் ஓட்டத்தைப் பார்க்கிறவர்களுக்கு அந்த இரண்டு வருடம் எங்கே போனது என்று தெரியும்.

இரண்டாம் நாள்: சாலை

77-ஆம் நெடுஞ்சாலையில் வடக்கே. வர்ஜீனியாவில் மலைக்கு அடியில் ஒரு சுரங்கம், மேற்கு வர்ஜீனியா எல்லையில் இன்னொன்று. அக்டோபர் கடைசி என்பதால் மலை முழுக்க மஞ்சளும் செம்பும். அக்கா கட்டிக்கொடுத்த புளியோதரையைச் சாலையோர ஓய்விடத்தில் குளிரில் நின்று சாப்பிட்டோம்.

வழியெல்லாம் விதிமுறைப் பேச்சு. கல்லூரியில் 20 நிமிடம் கொண்ட இரண்டு பாதி, என்.பி.ஏ.வில் 12 நிமிடம் வீதம் நான்கு. ஷாட் அடிக்கக் கல்லூரியில் 30 விநாடி, அங்கே 24. மூன்று புள்ளிக் கோடு கல்லூரியில் 22 அடி 1¾ அங்குலம், அங்கே உச்சியில் 23 அடி 9 அங்குலம். கோடு ஒன்றே முக்கால் அடிக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளிப் போகிறது என்று கேட்கும்போது சின்ன விஷயமாகத் தெரியும். சோர்ந்த காலோடு நான்காவது பகுதியில் அடித்துப் பார்த்தால்தான் அது புரியும்.

இவற்றைவிட முக்கியம் ரிங்குக்கு முன்னால் இருக்கும் அந்தப் பெட்டி. கல்லூரியில் அகலம் 12 அடி, என்.பி.ஏ.வில் 16. என்.பி.ஏ.வில் யாரையும் ஒட்டிக் காக்காமல் டிஃபன்ஸ் ஆள் அதற்குள் மூன்று விநாடிக்கு மேல் நிற்க முடியாது. கல்லூரியில் எவ்வளவு நேரமும் நிற்கலாம். அதனால் கல்லூரிக் கார்டு உள்ளே நுழைந்தால் சந்தைக் கூட்டத்துக்குள் நுழைந்த மாதிரி. எங்கே திரும்பினாலும் ஒரு கை. அந்த நெரிசலில் மூன்று நான்கு வருடம் பழகியவனுக்கு அங்கே இடம் தாராளமாகத் தெரியும். வெறும் வேகத்தை நம்பி வந்தவனுக்கோ அங்கே எல்லோருமே வேகம்.

மூன்றாம் நாள்: லெக்ஸிங்டன்

கென்டக்கி. குதிரைப் பண்ணைகள், கண்ணுக்கெட்டிய தூரம் மரவேலி. ஊருக்குள் நுழைந்தால் எங்கே பார்த்தாலும் நீலம். நகரின் நடுவில் ரப் அரீனா, 20,000 பேருக்கு மேல் கொள்ளும். இத்தனைக்கும் இது கல்லூரி அணியின் அரங்கம். எட்டு தேசியப் பட்டங்கள், கடைசியாக 2012-இல்.

இங்கே ஜான் கலிபாரி 2009 முதல் 2024 வரை கோச்சாக இருந்தார். அந்தக் காலத்தில் இங்கிருந்து போன கார்டுகளின் பெயரை மருமகன் ஒரு மூச்சில் சொன்னான்: ஜான் வால், எரிக் பிளெட்சோ, பிராண்டன் நைட், டெவின் புக்கர், ஜமால் மரே, டிஆரன் ஃபாக்ஸ், மலிக் மங்க், ஷே கில்ஜியஸ்-அலெக்ஸாண்டர், டைலர் ஹீரோ, டைரீஸ் மேக்ஸி, இமானுவேல் குயிக்லி. பெரும்பாலானவர்கள் ஒரே வருடம் இருந்தார்கள். பள்ளி முடித்ததும் நேராக என்.பி.ஏ. போக முடியாது, 19 வயது ஆக வேண்டும் என்ற விதி 2006 டிராஃப்ட் (என்.பி.ஏ. அணிகள் வரிசைப்படி புது ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சி) முதல் இருக்கிறது. அதனால் ஒரு வருடம் கல்லூரி, அப்புறம் கிளம்பல்.

ஒரு வருடத்தில் என்ன சொல்லிக் கொடுத்துவிட முடியும், ஏற்கெனவே பழுத்த பழத்தைத்தானே பறித்து வைத்தார்கள் என்று கேட்பவர்கள் உண்டு. நானும் அப்படிப் பேசியிருக்கிறேன். பாதி சரி. மீதிப் பாதிக்கு புக்கரைப் பார்க்க வேண்டும்.

2014-15 கென்டக்கி அணியில் ஆட்கள் அவ்வளவு அதிகம். கலிபாரி ஐந்து ஐந்து பேராக இரண்டு படை பிரித்து மாற்றி மாற்றி இறக்கினார். அந்த அணி 38 ஆட்டம் தொடர்ந்து ஜெயித்து 39-ஆவதில் விஸ்கான்சினிடம் தோற்றது. புக்கர் இரண்டாவது படையில். 38 ஆட்டம் ஆடினார். ஒன்றில்கூட முதல் ஐந்தில் இல்லை. சராசரி 10 புள்ளி. அந்த வருட டிராஃப்டில் 13-ஆவது ஆளாகப் போனார். இரண்டே வருடத்தில் பாஸ்டனில் ஒரே ஆட்டத்தில் 70 புள்ளி எடுத்தார்.

அரங்கத்துக்கு வெளியே குளிரில் நின்று இதைச் சொன்னேன். மருமகன், "ஒரு மேட்ச்கூட ஸ்டார்ட் பண்ணலையா?" என்று இரண்டு தடவை கேட்டான்.

பெஞ்சிலிருந்து வருகிறவனுக்கு நாலு நிமிடம், ஐந்து நிமிடம் என்றுதான் கிடைக்கும். அதற்குள் ஒருவனைக் காக்கவேண்டும், ஸ்கிரீன் சுற்றி ஓடி, பந்து வந்த கணமே ஷாட் அடிக்கவேண்டும். பந்தைத் தட்டிக்கொண்டு யோசிக்க நேரமில்லை. என்.பி.ஏ.வுக்குப் போகும் பத்தொன்பது வயதுப் பையனுக்கு முதல் வருடம் கொடுக்கப்படும் வேலையும் அநேகமாக இதேதான். பள்ளியில் பந்து முழுக்க அவன் கையில் இருந்திருக்கும், அங்கே இருக்காது. தன்னைப் போலவே கெட்டிக்காரர்கள் பத்துப் பேர் நடுவில் தினம் பயிற்சி ஆடுவதுதான் இந்த ஊர் கொடுத்த பாடம் என்று நினைக்கிறேன்.

ஷே கில்ஜியஸ்-அலெக்ஸாண்டரும் 2017-இல் இங்கே பெஞ்சிலிருந்துதான் தொடங்கினார். சீசன் போகப் போக முதல் ஐந்துக்கு வந்தார். டிராஃப்டில் 11-ஆவது. எடுத்தது சார்லட் ஹார்னெட்ஸ். அன்றைக்கே கிளிப்பர்ஸ் அணிக்குக் கொடுத்துவிட்டது. சார்லட் பையனான மருமகனுக்கு இது ஆறாத புண். 2025-இல் அவர் ஓக்லஹோமா சிட்டிக்காக ஆடி, ஒரே வருடத்தில் எம்.வி.பி. (சீசனின் சிறந்த ஆட்டக்காரர்), இறுதிப் போட்டி எம்.வி.பி., சாம்பியன் மூன்றும் ஆனார்.

அறைக்கு வந்ததும் அவருடைய ஆட்டத்தை லேப்டாப்பில் ஓட்டி நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். ஸ்கிரீனைத் தாண்டுகிறார். டிஃபன்ஸ் ஆள் பின்னால் துரத்துகிறான். சட்டென்று வேகத்தைக் குறைத்து அவனைத் தன் முதுகிலேயே வைத்துக்கொள்கிறார். பின்னால் இருப்பவன் முன்னால் வர வழியில்லை. எதிரே ரிங்கைக் காக்கும் நெட்டை ஆள் முன்னேறவும் முடியாமல் பின்வாங்கவும் முடியாமல் நிற்கிறான். இவர் நின்று, அவன் எடை எந்தக் காலுக்குப் போகிறது என்று பார்த்து, அப்புறம் அடிக்கிறார். மருமகன் அந்த ஒரு இடத்தை ஆறு தடவை பின்னுக்கு ஓட்டினான். ஏழாவது தடவை, "மாமா, இவர் மெதுவாத்தான் போறார்" என்றான்.

தரையில் டம்ளர் வைத்துக் கேட்ட முதல் கேள்விக்கு அங்கே விடை கிடைத்தது.

நான்காம் நாள்: விமானம்

லெக்ஸிங்டன் விமான நிலையத்துக்கு எதிரேயே கீன்லாந்து குதிரைப் பந்தய மைதானம். அதைப் பார்த்துக்கொண்டே நாலு மணி நேரம் காத்திருந்தோம், விமானம் தாமதம். இணைப்பு விமானமும் போய்விட்டது. பிலடெல்ஃபியா சேரும்போது நள்ளிரவு.

வழியில் பக்கத்து இருக்கையில் வந்த இளைஞர் ஒரு கல்லூரி அணியில் மாணவ மேனேஜராக இருந்தவர். அணியில் ஆடாத, பந்து பொறுக்கிப் போடுகிற, வீடியோ வெட்டித் தருகிற பிள்ளைகள் இவர்கள். சீசனில் கோச் வைக்கும் பயிற்சிக்கு வாரத்துக்கு 20 மணி நேரம்தான் அனுமதி என்பது கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் விதி. ஆட்டக்காரன் தானாக வந்து பயிற்சி செய்தால் அது கணக்கில் வராது. அதனால் ராத்திரி பத்து மணிக்கு கார்டிடமிருந்து செய்தி வரும்: ஜிம்முக்கு வர முடியுமா? இவர் போவார். வலை கட்டிய ஷூட்டிங் மெஷின் பந்தை வாங்கித் திருப்பி எறியும், எத்தனை அடித்தது என்று எண்ணும். மெஷின் செய்ய முடியாத வேலை இவருக்கு. ரிங்குக்குப் பக்கத்தில் வந்து போடும் லேஅப் அடிக்க ஆட்டக்காரன் வரும்போது கையில் துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்து நெட்டை ஆளாக நிற்பார். அந்தத் துடைப்பத்துக்கு மேலாகப் பந்தைத் தூக்கிப் போடும் ஃப்ளோட்டரை, ஒரு பையன் ஒரு சீசன் முழுக்க ராத்திரியில் மட்டும் பழகியதை இவர் பார்த்திருக்கிறார்.

இப்போது கார்டுகள் வருடத்துக்கு ஒரு கல்லூரி மாறுகிறார்கள் என்று வருத்தப்பட்டார். 2021 முதல் தங்கள் பெயரை வைத்துச் சம்பாதிக்கலாம். 2025 முதல் கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம். பிள்ளைகளுக்குப் பணம் கிடைப்பதில் எனக்குச் சந்தோஷம்தான். அத்தனை பேர் அவர்கள் முதுகில் சம்பாதித்தார்கள். ஆனால் ஒரே கோச்சிடம் மூன்று வருடம் இருந்து காலைச் செப்பனிடுவது என்ற ஒன்று இருந்தது. அந்தக் கதை நாளைய ஊரில்.

ஐந்தாம் நாள்: வில்லனோவா

பிலடெல்ஃபியாவின் தேர்ட்டியத் ஸ்ட்ரீட் ஸ்டேஷனிலிருந்து புறநகர் ரயில். வில்லனோவா ஸ்டேஷனில் இறங்கினால் கல்லூரி. கல் கட்டடங்கள், மாதா கோயில் கோபுரம், நடைபாதை முழுக்க சருகு. அரங்கத்தில் 6,500 பேர்தான் உட்காரலாம். ரப் அரீனாவில் மூன்றில் ஒரு பங்கு.

ஜே ரைட் இங்கே 2001 முதல் 2022 வரை கோச். 2016, 2018 என்று இரண்டு பட்டம். ஜேலன் பிரன்சன் இரண்டு அணியிலும் இருந்தார். மூன்று வருடம் ஆடி, மூன்றே வருடத்தில் பட்டமும் வாங்கி, 2018-இல் நாட்டின் சிறந்த கல்லூரி ஆட்டக்காரர் விருதும் வாங்கினார். அப்படியும் டிராஃப்டில் 33-ஆவது, இரண்டாம் சுற்று. உயரம் ஆறடி இரண்டு அங்குலம், பெரிய எகிறல் இல்லை, மின்னல் வேகம் இல்லை. இன்று நியூயார்க் நிக்ஸ் அணியின் கேப்டன்.

இந்தக் கல்லூரிக் கார்டுகளைப் பார்த்தவுடன் அடையாளம் தெரியும். உள்ளே நுழைந்ததும் இரண்டு காலையும் சேர்த்து ஊன்றி நிற்பார்கள். ஒற்றைக் காலில் எகிறிவிட்டால் காற்றில் இருக்கும்போது மனம் மாற முடியாது. இரண்டு காலில் நின்றவனுக்கு எல்லா வழியும் திறந்திருக்கும். திரும்பலாம், ஏமாற்றலாம், வெளியே பாஸ் கொடுக்கலாம், அடிக்கலாம். கார்டு முதுகைக் காட்டி நெட்டை ஆள் மாதிரி இடித்து உள்ளே போவதையும் இங்கே பழக்கினார்கள். பிரன்சன் இன்றும் தன்னைவிட அரையடி உயரமானவர்களுக்கு நடுவில் சுழன்று சுழன்று இடம் கண்டுபிடிப்பது அந்தக் காலை வைத்துத்தான்.

ரயிலில் மருமகன் ஒன்று சொன்னான். "கரி, புக்கர், பிரன்சன், மூணு பேரோட அப்பாவும் என்.பி.ஏ. மாமா. எனக்கு அப்படி யாரும் இல்லையே." அவன் சொன்னது சரிதான்: டெல் கரி, மெல்வின் புக்கர், ரிக் பிரன்சன். கல்லூரி வாசலுக்கு வரும் முன்பே பாதிப் பாடம் வீட்டில் நடந்திருக்கிறது. அதை மறைத்துவிட்டுக் கல்லூரிப் பெருமை பேசுவது நியாயம் இல்லை. நான் ஃப்ரெட் வான்வ்ளீட்டைப் பற்றிச் சொன்னேன். சின்ன வயதில் தந்தையை இழந்தவர். விச்சிட்டா ஸ்டேட்டில் நான்கு வருடம். 2016 டிராஃப்டில் அறுபது பெயர் படித்தார்கள், அவர் பெயர் இல்லை. 2019-இல் டொரன்டோவுடன் சாம்பியன். கூடவே அந்த அணியில் இருந்த கைல் லவ்ரி வில்லனோவாவில் ஆடியவர்.

மத்தியானம் பக்கத்து ஊர்ப் பூங்காவில் ஒரு திறந்தவெளிக் கோர்ட். ஒரு பெரியவர் தன் பேத்திக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பள்ளி கோச்சாக இருந்து ஓய்வு பெற்றவராம். மருமகனையும் வரச் சொன்னார். ரிங்குக்கு எட்டடி முன்னால் சாக்பீஸால் ஒரு சதுரம் போட்டார். வேகமாக வா, சதுரத்துக்குள் நில், அவ்வளவுதான் என்றார். அப்புறம் எங்களுக்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டார்.

மருமகன் ஓடி வந்து நின்றான். டப்-டப்.

"ரெண்டு சத்தம்" என்றார் திரும்பாமலேயே.

மறுபடி. டப்-டப். மறுபடி. நாலாவது தடவை சதுரத்தைத் தாண்டி விழுந்தான். பன்னிரண்டு வயதுப் பேத்தி ஓடி வந்து நின்றாள். டப். ஒரே சத்தம். முழங்கால் மடங்கி, பின்பக்கம் தாழ்ந்து, தலை அசையாமல். பெரியவர் தலையாட்டினார்.

காதால் காலைத் திருத்த முடியும் என்று இருபது வருடத்தில் எனக்குத் தோன்றவே இல்லை. ஊருக்குப் போனதும் முதல் வேலையாக இதைத்தான் செய்யப் போகிறேன்.

ராத்திரி அறையில் இரண்டு ஆட்டங்களின் கடைசி விநாடிகளைப் பார்த்தோம். 2008, டேவிட்சனும் கான்சஸும், 59-57 என்று கான்சஸ் முன்னிலை. கரி மேல் இரண்டு பேர். அவர் ரிச்சர்ட்ஸுக்குப் பாஸ் கொடுக்கிறார், ரிச்சர்ட்ஸின் ஷாட் விலகிப் போகிறது. 2016 இறுதிப் போட்டி, வில்லனோவாவும் நார்த் கரோலினாவும், 74-74, மீதி 4.7 விநாடி. ரையன் ஆர்ச்சிடியாகோனோ பந்தைத் தட்டிக்கொண்டு முன்னேறுகிறார். தானே அடிக்கலாம், நான்காம் வருடம், அதுதான் கடைசி ஆட்டம். பின்னால் வரும் கிரிஸ் ஜென்கின்ஸுக்குப் பந்தை விட்டுக் கொடுக்கிறார். ஷாட் உள்ளே. 77-74.

"ரெண்டும் ஒரே பாஸ்தான் மாமா" என்றான்.

"ஆமா மாப்ள. ரெண்டுமே சரியான பாஸ்."

எங்கள் அறை தரைத்தளம். நான் இதை எழுத உட்கார்ந்ததும் அவன் ஷூவை மாட்டிக்கொண்டு வெளியே போனான். விளக்குக் கம்பத்துக்குக் கீழே கார் நிறுத்தும் வெள்ளைக் கோடுகளுக்கு நடுவில் ஓடி ஓடி வந்து நிற்கிறான். பந்து இல்லை. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து வைத்திருக்கிறேன். டப்-டப். டப்-டப். ஓட்டம் நின்று, திரும்பி நடக்கும் சத்தம். டப்-டப்.

டப்.